இருநூற்றுப் பன்னிரண்டு கிராம்

செராயா தோட்டம், கோலா பிலா
3 ஜூன் 2018

அன்புள்ள நீலா அக்காவுக்குத் தம்பி குணாளன் எழுதுவது.

நானும் அம்மாவும் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் விலகுவதாக இல்லை. நீ ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறாயா என்று தினமும் என்னைக் கேட்கிறார். கைத்தொலைபேசி லைன் எட்டாத ஊலு பாராமுக்கு உன்னை ஆசிரியையாக மாற்றியது என்னவோ நான்தான் என்பதுபோல் திட்டும் எனக்கே விழுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பி இப்போது சாதாரண ஆள் இல்லை. நாலு கிலோ வீரன்!

போன ஞாயிறு நானும் வசந்தனும் உன் வருங்காலக் கணவர் சந்திரன் மச்சானும் மொட்டைபுக்கிட் மலை ஏறினோம். இரவு தங்குகிற சாமான்களோடு பை நாலு கிலோவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று பந்தயம். பல் துலக்கியின் காம்பைப் பாதியாக அறுத்தேன். சட்டையில் இருந்த துணிச்சீட்டுகளைக் கத்தரித்தேன். சப்பாத்துக் கயிற்றின் நுனியை வெட்டினேன். கரண்டியில் ஏழு ஓட்டை போட்டேன். "ஏன்டா, இதுல எப்படிடா ரசம் குடிப்ப?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

வசந்தனைப் பற்றி உனக்குத் தெரியும். ஏறிய மலைகளைவிட வாங்கிய கூடாரங்கள் அதிகம். கொக்கித் தராசையும் அவன்தான் கொண்டுவந்தான். மச்சானின் பை பதினோரு கிலோ! கெண்டி, இரண்டு துண்டு, முழங்கால் தைலம், ஒரு டின் பிஸ்கட். கேட்டால், "பழக்குலை தூக்குற ஆளுடா நான். இதெல்லாம் ஒரு வெயிட்டா லா?" என்கிறார்.

முனியாண்டி கோயில் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் கற்குவியல். ஏறுகிறவன் ஒரு கல்லை எடுத்துப் போக வேண்டும், இறங்கியதும் அதைத் திரும்ப வைக்க வேண்டும். யார் மலையில் இருக்கிறார்கள், யார் வந்துவிட்டார்கள் என்று, அந்தக் காலத்தில் வேலையாட்களைக் கவனித்த மண்டோர் எண்ணிப் பார்க்கச் செய்த ஏற்பாடு. எனக்கு வந்த கல் செம்பாறை, நடுவில் வெள்ளைக் கோடு. எடை இருநூற்றுப் பன்னிரண்டு கிராம். அதையும் சேர்த்தால் என் பை நாலு கிலோ இருநூறு.

யாரிடமும் சொல்லாதே அக்கா. மச்சான் முனியாண்டியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தக் கல்லை அவர் பையின் அடியில் செருகிவிட்டேன். உச்சியில் மறுபடி எடை போட்டோம். மூன்று கிலோ தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு! வசந்தன் என்னைப் படம் எடுத்து எல்லாக் குழுவுக்கும் அனுப்பினான். இறங்கி வந்ததும் கல்லை வைப்பதுபோல் குனிந்து எழுந்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அட்டைக்கு உப்பு வைத்துக்கொள்.

அன்புத் தம்பி,
குணா


ஊலு பாராம்
21 ஜூன் 2018

ஓட்டைக் கரண்டி வீரனுக்கு அக்காவின் ஆசிகள்.

இங்கே நான் நலம். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறேன் என்று அம்மாவிடம் சொல். அங்கே நீங்கள் இருவரும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் மலாயில் சொல்லிக் காட்டினேன். சிரித்துச் சிரித்துத் தலைமையாசிரியருக்குப் புரை ஏறிவிட்டது. எங்கள் பள்ளிச் சமையல்காரர் புங்கானுக்கு வயது ஐம்பது. முப்பது கிலோ அரிசியைப் பிரம்புக் கூடையில் முதுகில் மாட்டி, பத்து வெள்ளி ரப்பர் சப்பாத்தில் மூன்று மணி நேரம் மலை ஏறி வருகிறார். வழியில் பாட்டு வேறு. "உன் தம்பிக்கு உடம்பில் ஏதாவது நோயா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். நான் தாஹான் மலைக்குப் பதினெட்டு கிலோ சுமந்து போய் வந்தவள். என் தம்பி பல் துலக்கியை அறுத்தானாம். வெளியே சொல்லாதே, மானம் போகும்.

சிரித்தது போதும். அந்தக் கல் விஷயம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எடுத்தவன் நீ. சுமந்தவர் அவர். வைக்கிறேன் என்று குனிந்து நடித்தவன் மறுபடியும் நீ. நான் பெரிய பக்தை இல்லை, உனக்கே தெரியும். ஆனாலும் நாற்பது ஐம்பது வருடமாக ஒருவரும் ஏமாற்றாத ஒன்றை நீ ஏன் ஏமாற்ற வேண்டும்? அவரிடம் சொல்லிக் கல்லை வாங்கி வைத்துவிடு. அவர் சிரித்துவிட்டுப் போவார். கோபப்படத் தெரியாத மனிதர், அதனால்தானே தை மாதம் அவருக்குக் கழுத்தை நீட்டப் போகிறேன்.

அவரை எனக்கு எழுதச் சொல்.

அக்கா


செராயா தோட்டம்
8 ஜூலை 2018

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம், நீயும் அப்படியே இருப்பாய்.

நேற்று மொட்டைபுக்கிட்டை முப்பத்தெட்டு நிமிடத்தில் ஏறினேன்! போன வருடம் ஒன்றரை மணி நேரம் ஆனது. மூச்சு வாங்கவில்லை. வியர்க்கவில்லை. பாறைக்குப் பாறை கால் தானாகப் போகிறது. வசந்தன் பின்னால் இருந்து, "டேய், நீ மனுசனா ஆடாடா?" என்று கத்துகிறான். சிரம்பான் மலையேறிகள் சங்கத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பு, "நாலு கிலோவில் நாலு நாள்". ஜி செவன் என்று இங்கே சொல்கிற ஏழு பெரிய சிகரங்களையும் முடித்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள். தோட்டத்து லயத்துப் பையன் பேச, அவர்கள் குறிப்பு எடுப்பார்கள். நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது அக்கா.

ஒரு வேடிக்கை. நான் ஸ்டோரில் வேலை பார்க்கிற தொழிற்சாலையின் கிளினிக்கில் எடை பார்த்தார்கள். அறுபத்தெட்டு இருந்தவன் ஐம்பத்தெட்டு. ஆனால் காற்சட்டை அதே அளவுதான், பெல்டும் அதே ஓட்டையில்தான். நர்ஸ் மிசி எடை இயந்திரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். தானே ஏறிப் பார்த்தார், அவருக்குச் சரியாகக் காட்டியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழைக்குப் பிறகு இறங்கினோம். ஓடையோரச் சேற்றில் வசந்தனின் தடம் இருந்தது. என் தடத்தைத் தேடினேன், சரியாகத் தெரியவில்லை. நல்ல சப்பாத்து, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மச்சானுக்கு முழங்கால் வலி. அதனால் இந்த முறை வரவில்லை.

குணா


ஊலு பாராம்
29 ஜூலை 2018

குணா,

நான் நலம். உன் நலத்தைத்தான் இனி அடிக்கடி கேட்க வேண்டும் போலிருக்கிறது.

நான்கு பக்கம் நீட்டி எழுதுகிறவன் ஒரே பக்கத்தில் முடித்திருக்கிறாய். அந்தப் பக்கத்தில் கல்லைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் உன் அக்காடா. மூன்றாம் வகுப்பில் புத்தகப்பையைத் தொலைத்துவிட்டு நீ வாசலில் நின்றபோதே எதை மறைக்கிறாய் என்று கண்டுபிடித்தவள்.

அவரிடமிருந்து நான்கு வரி வந்தது. "நலம். லோரி வேலை அதிகம். கொஞ்சம் அசதி. குணாவைப் பற்றிக் கவலைப்படாதே." உன்னைப் பற்றி நான் கவலைப்படுவதாக அவரிடம் யார் சொன்னது?

பத்து கிலோ குறைந்தவனுக்குக் காற்சட்டை எப்படிப் பொருந்தும்? சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அதற்கு முன் கல்லை வை. உடனே பதில் போடு.

அக்கா


செராயா தோட்டம்
2 செப்டம்பர் 2018

அக்கா,

சுகம்.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் சரி. எடை மட்டும் நாற்பத்தெட்டு. டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அடுத்த மாதம் வரச் சொன்னார்.

சங்கத்தில் பேசினேன். நல்ல கைதட்டல். ஒலிபெருக்கியில் என் குரல் சரியாக விழவில்லை என்று பின்வரிசைக்காரர்கள் சொன்னார்கள். திரும்பும் வழியில் அம்பாங்கானில் ஒரு கடைக்குப் போனேன். தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு எனக்குத் திறக்கவில்லை. முன்னால் போய், பின்னால் வந்து, கையை ஆட்டியும் பார்த்தேன். ஒரு சீனக் கிழவர் வந்தார், உடனே திறந்தது. அவர் பின்னாலேயே நுழைந்தேன்.

அம்மா இரண்டு தடவை எனக்குச் சோறு போட மறந்துவிட்டார். எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். "யம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்றதும் திடுக்கிட்டு, "எப்படா வந்தே?" என்றார். ஒரு மணி நேரமாக இருந்தேன்.

பயமாக இருக்கிறது. ஆனால் மலையில் அப்படி இல்லை அக்கா. அங்கே எதுவும் வலிப்பதில்லை. இறங்கத்தான் மனம் வருவதில்லை.

கு.


செராயா தோட்டம்
16 செப்டம்பர் 2018

அன்புள்ள நீலாவுக்குச் சந்திரன் எழுதிக்கொள்வது. நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

எனக்குக் கடிதம் எழுத வராது. தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்திக்கொள்.

உன்னிடம் மறைப்பது நன்றாக இல்லை என்பதால் எழுதுகிறேன். உடம்பு சரியில்லை. நோய் என்று சொல்ல முடியவில்லை. எல்லாம் கனக்கிறது. காலையில் எழுந்து உட்காருவதற்கே கட்டிலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. போன வாரம் கட்டிலின் கால் முறிந்தது. மோட்டார் சைக்கிளுக்கு ஒரே மாதத்தில் மூன்று டயர்.

ஆலையில் பழத்தைக் கொட்டிவிட்டு வெறும் லோரியை எடை போடுவார்கள், உனக்குத் தெரியும். என் லோரி ஜூலையில் பத்து கிலோ கூடுதலாகக் காட்டியது. இப்போது இருபது. நான் இறங்கி நின்றால் சரியாகிவிடுகிறது. எடைமேடையில் கணக்கு எழுதுகிற கிராணி எட்டிப் பார்த்து, "யாரண்ணே மடியில ஒக்கார வச்சிட்டு வரீங்க?" என்று கேட்டான். சும்மா கிண்டலுக்குத்தான் கேட்டான். நான்தான் அன்றைக்கு முழுக்க மடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாமா என்று யோசி. உன் கழுத்தில் தாலி கட்ட நிமிர்ந்து நிற்க வேண்டுமே. வருத்தப்படாதே. எனக்கு யார்மேலும் கோபம் இல்லை.

உன்,
சந்திரன்


ஊலு பாராம்
7 அக்டோபர் 2018

குணா,

நலம் விசாரிக்க இன்று எனக்குப் பொறுமை இல்லை.

அவர் கடிதமும் உன் கடிதமும் ஒரே படகில் வந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். உனக்குப் பத்து குறைந்தபோது அவருக்குப் பத்து கூடியிருக்கிறது. உனக்கு இருபது, அவருக்கும் இருபது. நான் கணக்கு டீச்சர். இதற்கு மேல் எனக்கு என்னடா நிரூபணம் வேண்டும்?

உன்னை அவர் சுமக்கிறார், குணா. உன் கல்லோடு உன்னையும் சேர்த்து. அந்த மனிதர் யார்மேலும் கோபம் இல்லை என்று எழுதுகிறார், நீ மலையில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறாய். எனக்கு எரிகிறது. அதைவிட அதிகமாகப் பயமாக இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரே தம்பி. கட்டிக்கொள்ளப் போவது ஒரே ஆளை. இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க என்னை வைத்துவிடாதே.

அவர் வீட்டுக்குப் போ. நடந்ததைச் சொல். கல்லை வாங்கி வை. இந்த மாதக் கடைசிப் படகில் உன் பதில் வராவிட்டால் நானே வேறு வழி பார்ப்பேன்.

நீலா


21 அக்டோபர்

அக்கா

கடிதம் கிடைத்தது. எல்லாம் உண்மை. ஜூன் மாதமே எனக்குத் தெரியும்.

சொல்லியிருப்பேன். சங்கம், படம், பேர். சொன்னால் எல்லாம் பொய் என்று ஆகிவிடும். அப்புறம் வெறும் ஸ்டோர் பையன். அது ஒன்று. இன்னொன்று, அப்படி லேசாக இருந்தது அக்கா. பிறந்ததிலிருந்து அப்படி இருந்ததில்லை.

இப்போது வேண்டாம். பேனா தாளில் பதிய மறுக்கிறது, அழுத்தி எழுதுகிறேன். காற்று அடித்தால் தூணைப் பிடித்துக்கொள்கிறேன். அம்மா என்னைத் தாண்டிப் பேசுகிறார்.

போய்ச் சொல்கிறேன். மச்சானின் முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் வர வேண்டும்.

கு


ஊலு பாராம்
28 அக்டோபர் 2018

என் அன்புள்ள அம்மாவுக்கு நீலாவதி பணிவுடன் எழுதுவது.

அம்மா, நான் இங்கே நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? தீபாவளிக்கு வர முடியாது. நீங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சேலை கட்டிக்கொள்ளுங்கள்.

உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்காமல் செய்யுங்கள். சந்திரனின் மலையேறும் பையின் அடியில் ஒரு கல் இருக்கும். செம்பாறை, நடுவே வெள்ளைக் கோடு, முட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. அது முனியாண்டி கோயில் குவியலில் நம் குணா எடுத்தது. திரும்ப வைக்காமல் விட்டுவிட்டான். அதனால்தான் வீட்டில் இவ்வளவும். குணாவிடம் சொல்லி அலுத்துவிட்டேன், மாதக் கடைசிப் படகும் வந்துபோய்விட்டது, பதில்கூடப் போட மாட்டேன் என்கிறான். சந்திரனைக் கேட்டால் தம்பியைக் காட்டிக்கொடுத்ததுபோல் ஆகும். நீங்களே போய் எடுத்து, உங்கள் கையால் குவியலில் வைத்துவிடுங்கள். ஒரு சூடம் ஏற்றி, "எம் பிள்ளை தெரியாமச் செஞ்சுட்டான்" என்று கும்பிடுங்கள்.

கடிதம் கிடைத்த அன்றைக்கே செய்யுங்கள் அம்மா. நாள் கடத்த வேண்டாம்.

உங்கள் மகள்,
நீலாவதி


செராயா தோட்டம்
31 அக்டோபர் 2018

அன்புள்ள நீலா, நலம்தானே?

நேற்று சாயங்காலம் குணா வந்தான். வந்தது எனக்குத் தெரியவில்லை. கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை "மச்சான்" என்றபோதுதான் நாற்காலியில் அவன் இருப்பதைக் கண்டேன். எல்லாவற்றையும் சொன்னான். அழுதான். தேம்பல் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, தோள் குலுங்குவதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நீலா, கல் விஷயம் எனக்கு அன்றைக்கே தெரியும். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டியதும் விழுந்தது. என் கல்லை நான் கோயிலிலேயே வைத்துவிட்டேன், அப்படியானால் இது யாருடையது என்று யோசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? சிரிப்புத்தான் வந்தது. கனக்கத் தொடங்கிய பிறகும் அவனாக வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். அப்பா மண்டோராக இருந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. எடுத்தவன்தான் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். அடுத்தவன் கொடுக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். இதைப் பெண்பிள்ளைகளிடம் பேசமாட்டார்கள் என்பதால் உனக்குத் தெரிந்திருக்காது. மலைக்குப் போனவனைத் தேடித் தேடியும் கிடைக்காமல் போனால், அவன் வீட்டில் மூத்தவர் ஒருவர் அவன் கொண்டுபோன கல்லுக்கு ஈடாக ஒரு கல்லை அவனுக்காக வைப்பார். "இவன் இனி இல்லை, எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்" என்று மலைக்குச் சொல்வதாக அர்த்தம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பேரை யாரும் எடுப்பதில்லை. அப்பா காலத்தில் இரண்டு முறை நடந்ததாம். யார் அந்த இரண்டு பேர் என்று கேட்டேன். யோசித்து யோசித்துப் பார்த்தார், அவருக்கு ஞாபகம் வரவில்லை. அதனால்தான் நான் குணாவின் கல்லை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை, கோயிலிலும் கொண்டுபோய்ப் போடவில்லை.

கல்லைச் சமையலறை மேசையில் வைத்தேன். "எடுத்துக்கடா" என்றேன். அவனால் தூக்க முடியவில்லை நீலா. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அசையவே இல்லை. பிறகு அவன் கையை என் கைக்குள் வைத்துச் சேர்த்துத் தூக்கினோம். மெல்ல வந்தது. அப்போதுதான் முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தது அவனுக்கு.

அதனால் வழி இருக்கிறது, பயப்படாதே. என்னால் கோயில்வரை நடக்க முடியாது. தீபாவளி முடிந்து பதினோராம் தேதி ஞாயிறு வசந்தன் பெடாஸிலிருந்து அவன் மாமாவின் ஜீப்பைக் கொண்டுவருகிறான். குணாவை நான் முதுகில் தூக்கிக்கொள்கிறேன், அவன் கையால் அவனே வைக்கட்டும். அதுவரை கல் மேசையிலேயே இருக்கும்.

தையில் நீ நினைத்தபடியே கல்யாணம். மச்சினன்தான் மாப்பிள்ளைத் தோழன்.

சந்திரன்


ஊலு பாராம்
14 நவம்பர் 2018

அம்மா,

கல்லைத் தொடாதீர்கள். என் முன்கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். நான் தெரியாமல் எழுதிவிட்டேன். தப்பு என்னுடையது. குணா அவனே வைக்க வேண்டும், நீங்கள் வைக்கவே கூடாது. குணாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். குணா குணா என்று பேர் சொல்லிக்கொண்டே இருங்கள்.

ஆறு கரை புரண்டு ஓடுகிறது. படகுக்காரன் ஆள் ஏற்றமாட்டேன் என்கிறான், தபால் மூட்டை மட்டும்தான். உங்கள் நம்பரை அவனிடம் எழுதிக் கொடுத்து, மருடி டவுனில் இறங்கியதும் போன் போடச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் போய் வைத்திருக்க வேண்டும் முனியாண்டி. என் முதல் கடிதம் வழியில் தொலைந்திருக்க வேண்டும்.

நீலா


செராயா தோட்டம்
26 நவம்பர் 2018

கண்ணு நீலாவதிக்கு அம்மா வள்ளிநாயகி எழுதுறது. நான் நல்லா இருக்கேன். நீ வேளாவேளைக்குப் பசியாறு, ஒடம்பைக் கெடுத்துக்காத.

நீ சொன்ன மாதிரியே செஞ்சுட்டேன் தாயி. தீபாவளி முடிஞ்ச வெள்ளிக்கெழமைதான் கடுதாசி வந்துச்சு. அன்னிக்கே முறுக்கு எடுத்துக்கிட்டு மாப்ள வீட்டுக்குப் போனேன். மருந்து சாப்பிட்டுத் தூங்கிட்டு இருந்தாரு பாவம். பையில தேட வேண்டிய வேலையே இல்ல, கல்லு சமையக்கட்டு மேசையிலயே இருந்துச்சு. கனமே இல்ல. முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போயி, முனியாண்டிகிட்ட வச்சு, சூடம் ஏத்திக் கும்பிட்டேன். என்னமோ சொல்லிக் கும்பிடச் சொல்லி எழுதியிருந்தே. சொன்னேன், இப்ப என்னா சொன்னேன்னு ஞாபகம் வர மாட்டேங்குது.

மறுநாளே மாப்ள எழுந்திரிச்சுட்டாரு! ஒம்பது தோசை. லோரிக்கும் போயிட்டாரு. பழைய கட்டிலு காலைக்கூட அவரே ஆணி அடிச்சுட்டாரு. ஞாயித்துக்கெழமை பெடாஸ்ல இருந்து வசந்தன் ஜீப்பு கொண்டாந்தான். எதுக்குடா வந்தேன்னு மாப்ள கேக்குறாரு, எதுக்கு வரச் சொன்னீங்கன்னு அவன் கேக்குறான். ரெண்டு பேரும் தேத்தண்ணி குடிச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க.

அந்த வெள்ளிக்கெழமை கோயில்லேருந்து வீட்டுக்கு வந்தா டிவி ஓடிக்கிட்டு இருக்கு. மங்குல பாதிச் சோறு, கொழம்பு ஊத்திப் பெசஞ்சபடி கெடக்கு. நான்தான் சாப்பிட்டுக்கிட்டே எழுந்து போயிட்டேன் போல. வயசாயிருச்சுல்ல.

ஒன் ரெண்டாவது கடுதாசி நேத்துதான் வந்துச்சு. யாரோ மலாய்க்காரரு போனும் போட்டாரு, "பாத்து, பாத்து"ன்னாரு, மலாயில கல்லுன்னு அர்த்தம், மத்தது ஒண்ணும் வெளங்கல, வச்சுட்டேன். கடுதாசியில குணா குணான்னு எழுதியிருக்கியே, அங்க ஒன்கிட்டப் படிக்கிற பிள்ளையா? மாப்ளகிட்ட கேட்டேன், அவருக்கும் தெரியல. அந்தப் பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னா சொல்லு, நேந்துக்கிறேன்.

தண்ணி வடிஞ்சதும் பத்தரமா வந்து சேரு. எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்தி.

எனக்கு ஒண்ணும் இல்ல, ஒண்ணே ஒண்ணுதான். அந்த வெள்ளிக்கெழமையில இருந்து மாரு ரெண்டும் கட்டிக்கிட்டு வலிக்குது. ராத்திரி பகல்னு இல்ல. கைக்கொழந்தையப் பால் மறக்கடிக்கிறப்போ வலிக்குமே, அந்த வலி. கிளினிக்குல பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு மாத்திரை குடுத்திருக்காங்க. ஒன்னைய மறக்கடிச்சு முப்பத்தோரு வருசம் ஆச்சு. இப்ப யாருக்காக இப்படி வலிக்குதுன்னு தெரியல கண்ணு.

ஒன் அம்மா